கிள்ளான் வேனுக்கு எத்தனை லிட்டர் ஃபிரிட்ஜ்?

1. மூடி மேலே இருந்தால்

பிரிக்பீல்ட்ஸில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். விற்பவர் தன் ஐஸ் பெட்டியின் மூடியை நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தார், அள்ளினார், மூடினார். ஐஸ் அப்படியே இருந்தது. பக்கத்துக் கடையில் ஒருவர் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதைக் குடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முடிவெடுப்பதற்குள் உள்ளே இருந்த குளிர் முழுவதும் வழிந்து என் கால்மேல் விழுந்தது.

குளிர்ந்த காற்று கனமானது. முன்பக்கக் கதவைத் திறந்தால் கொட்டிவிடும், மேல்மூடியைத் திறந்தால் உள்ளேயே கிடக்கும். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தபோது மண்டையில் ஏறாதது செண்டோல் குடிக்கும்போது ஏறியது. வேனுக்குள் பேட்டரியில் ஓடுவதற்கு நிற்கும் ஃபிரிட்ஜ் எதற்கு? படுக்கும் ஃபிரிட்ஜ் போதுமே! செண்டோலைப் பாதியில் வைத்துவிட்டு எல்ஆர்டி ரயில் ஏறினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ரீ கெம்பாங்கானில், சாதாரண வேன்களைக் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் உள்ள கேம்பர்வேன்களாக மாற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன். சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனாலும் பாஸுக்கு அடுத்த சீனியர் நான்தான். பட்டறையில் மொத்தம் மூன்று பேர்.

2. பாஸின் கேஸ் ஃபிரிட்ஜ்

என் யோசனைக்கு ஒரே தடை என் பாஸ் ராமு அண்ணே. அவர் கேஸ் ஃபிரிட்ஜின் தீவிர ரசிகர்.

கேஸ் ஃபிரிட்ஜில் மோட்டார் கிடையாது. ஒரு சின்ன நெருப்பு உள்ளே இருக்கும் அம்மோனியாவைச் சூடாக்கும்; அது குழாய்களில் சுற்றிவரும்போது குளிர் உண்டாகும். கேஸ், பேட்டரி, வீட்டு கரண்ட் மூன்றிலும் ஓடும். சத்தமே வராது. இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இரண்டே நிபந்தனைகள்தான். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், வெளிக்காற்று சூடாக இருக்கக் கூடாது. அதாவது மலேசியாவில் இருக்கக் கூடாது.

வாயால் சொன்னால் அண்ணே கேட்கமாட்டார். அவருடைய சொந்த வேனிலேயே செமினி பக்கம் ஓர் ஆற்றங்கரைக்குப் போனோம். காலையில் வாங்கிய பால் பாக்கெட்டையும் ஒரு தெர்மாமீட்டரையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பதினாறு டிகிரி காட்டியது. அண்ணே பாலை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"ஐரோப்பா காரவான் எல்லாத்துலயும் இதுதான் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் அண்ணே. அங்க வெயில் காலம்னு சொல்றது நம்ம ஷாப்பிங் மால் உள்ள மாதிரி இருக்கும்."

"வண்டிய இன்னும் கொஞ்சம் நேரா நிறுத்தியிருந்தா…"

"டயருக்குக் கீழ பலகை வெச்சமே."

"காத்து அடிச்சிருந்தா…"

"பாஸ், இதுக்கு வேன் பத்தாது லா. குளிரான கேமரன் மலைய வாங்கிக் குடுக்கணும்."

இரண்டு நாள் அவர் அந்த ஃபிரிட்ஜையே குடைந்துகொண்டிருந்தார். மூன்றாவது நாள் ஒரு சாவியை மேசைமேல் போட்டார். "அடுத்த வேன் உன் தலையில. ஃபிரிட்ஜ் நீயே பாத்துக்க. கஸ்டமர் திட்டினாலும் நீயே வாங்கிக்க."

எனக்குப் பதவி உயர்வு வந்தது இப்படித்தான்.

3. கூட்டல் கணக்கு

அந்த வேன் கிள்ளான் சிவலிங்கம் அங்கிளுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் சொந்தமாகத் தயாரித்த கேள்வித்தாளோடு உட்கார்ந்தேன். எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே நிறுத்துவீர்கள், கூரைமேல் சோலார் வேண்டுமா என்று மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். அங்கிள் முதல் கேள்வியையே தாண்டவில்லை.

"ரெண்டே பேருமா. நானும் என் சம்சாரம் ராஜேஸும். அவ சுத்த சைவம். மகன் பொறந்த வருஷம் தைப்பூசத்துக்கு விரதம் எடுத்தா, அதுக்கப்புறம் அசைவம் தொடல. நான் மீன் இல்லாம சோத்துல கை வைக்க மாட்டேன். என் மீன நானே வெளிய அடுப்பு வெச்சு ஆக்கிக்குவேன். வீட்ல ஃபிரிட்ஜே ரெண்டு. கிச்சன்ல இருக்கறது அவளோடது. பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல இருக்கறது என்னோடது."

எழுதிக்கொண்டேன்.

"முப்பது வருஷமா எங்க போனாலும் அன்னைக்கே திரும்பிடுவோம். வெளிய சாப்பிட மாட்டா, எந்தச் சட்டியில என்ன வெந்துச்சோன்னு. கட்டி எடுத்துட்டுப் போறதும் சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போயிடும். அதுக்குத்தான் இந்த வேன். அவ அடுப்பு, அவ சட்டி, அவ தயிரு. ஒரு மூணு ராத்திரி அவளோட வெளிய தங்கணும்மா. அவ்ளோதான்."

இவ்வளவு தெளிவாக ஒரு கஸ்டமர் சொல்வது அபூர்வம். நான் கேட்டுக்கொண்டது இதுதான்: மீனுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி, தயிருக்கு நான்கு டிகிரி. ஆக, இரண்டு வெப்பநிலை. ஒரே பெட்டிக்குள் இரண்டு அறை உள்ள மேல்மூடி கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் சந்தையில் இருந்தது. வீட்டில் இருக்கும் இரண்டு ஃபிரிட்ஜின் லிட்டரையும் கூட்டி, மூன்று நாள் கணக்குக்குச் சுருக்கி, ஐம்பத்தைந்து லிட்டர் என்று முடிவு செய்தேன்.

இப்படிக் கணக்குப் போட்டதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சுங்கை பூலோவில், நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் ஃபிரிட்ஜில் மீனும் தயிரும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், இதுவரை சண்டை போட்டதில்லை. பள்ளியில் என் சிநேகிதிகளில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தள்ளி உட்கார்ந்தவர்கள். அது தெரிந்தும், ஃபிரிட்ஜ் என்றதும் டிகிரி மட்டும்தான் மூளையில் ஓடியது.

வேலையைச் சுத்தமாகவே செய்தேன். பலர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலேயே ஃபிரிட்ஜைச் செருகிவிடுவார்கள். அந்த ஒயர் மெல்லியது. பேட்டரி நிறைந்திருந்தாலும் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேரும் வோல்ட் குறைந்து, அது தானாக நின்றுவிடும். நான் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்தேன். கம்ப்ரெசர் மூச்சுவிட இரண்டு பக்கமும் துவாரம் வெட்டினேன். இரண்டு நாள் வெயிலில் ஓடவிட்டேன். ஒரு பக்கம் மைனஸ் பதினெட்டு, மறு பக்கம் நான்கு. ராமு அண்ணே அதையே மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

4. இரண்டு விரல்

வேனைக் கொடுக்கும் நாளில் ஆன்டியும் வந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்து அணைத்தார். சிங்க் குழாயைத் திறந்து, "தண்ணி நல்லா வருதே" என்றார். அங்கிள் ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஃபிரிட்ஜுக்கு வந்தோம். மூடியைத் திறந்து, ஃபிரிட்ஜோடு இணைத்திருந்த என் போனில் இரண்டு பக்கத்து டிகிரியையும் காட்டினேன். "இடது பக்கம் அங்கிளோட மீன். வலது பக்கம் உங்களோடது. நடுவுல தடுப்பு இருக்கு ஆன்டி."

ஆன்டி போனைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த பிளாஸ்டிக் தடுப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்துவிட்டது. கழுவுவதற்கு வசதியாக அப்படிச் செய்திருப்பார்கள். விளம்பரத்தில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது.

"இதுதான் சுவரா?"

"திரும்ப மாட்டிட்டா டைட்டா நிக்கும் ஆன்டி."

"மேல இவ்ளோ கேப் இருக்கே. இந்தப் பக்கத்துக் காத்து அந்தப் பக்கம் போவுமா, போவாதா?"

என் இருபத்திரண்டு கேள்விகளில் இது இல்லை. பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "கொஞ்சம் போகும் ஆன்டி. உள்ள ஒரு சின்ன ஃபேன் இருக்கு."

"ஃபேன் வேறயா!" என்றார். "மூடியும் ஒன்னுதான். அவரு மீனுக்குத் திறப்பாரு, அந்தக் கை என் தயிருக்கு மேல போயிட்டு வரும். வீட்ல அவரு ஃபிரிட்ஜ நான் திறந்ததே இல்ல, தெரியுமா? இதுக்கு நான் வரல. நீங்களே போயிட்டு வாங்க."

கடைசி வாக்கியம் அங்கிளுக்கு. சொல்லிவிட்டுத் தங்கள் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிள் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தனியா போறதுக்கு எனக்கு மோட்டார்சைக்கிளே போதுமேம்மா" என்றார்.

"சிலிக்கான் போட்டு ஒட்டிடலாமா?" ராமு அண்ணே என் காதில் கேட்டார்.

"தடுப்ப ஒட்டலாம் அண்ணே. மூடிய என்ன பண்றது?"

"சரி, போய்ப் பேசு. உன் தலையிலதான."

காரின் கண்ணாடியைத் தட்டினேன். ஆன்டி அரைவாசி இறக்கினார்.

"வீட்ல அங்கிள் ஃபிரிட்ஜ் எவ்ளோ தூரத்துல இருக்கு ஆன்டி?"

"பின்கதவத் தாண்டணும். ஏன்?"

"அந்தக் கதவு நடுவுல இருந்தா போதுமா?"

"போதும். அது வெளிய, இது உள்ள."

அப்போதுதான் புரிந்தது. நான் லிட்டரையும் டிகிரியையும் அளந்துகொண்டிருந்தேன். அவர் வீட்டில் ஓர் எல்லை இருந்தது, அது பின்கதவு. வேனுக்கும் பின்கதவு உண்டே!

"அங்கிளோட ஃபிரிட்ஜ வேனுக்குப் பின்னாடி வைக்கறேன். தண்டவாளம் மாதிரி ஸ்லைடு போட்டு, பின்கதவத் திறந்து வெளியே இழுத்தாதான் மூடியே திறக்கும். உள்ள இருந்து பலகை அடைச்சிடுவேன். உங்களோடது அடுப்புப் பக்கத்துல, தனியா. தனி ஒயர், தனி மூடி."

ஆன்டி திரும்பி வேனைப் பார்த்தார். "பின்னாடின்னா, கட்டிலுக்குக் கீழயா?"

"ஆமா…"

"நான் மீன் மேலயா படுக்கணும்?"

"அங்கிள் படுக்கற பக்கத்துக்குக் கீழ, ஆன்டி."

கண்ணாடி முழுவதும் இறங்கியது. "சரி. பண்ணிட்டுக் கூப்பிடு."

5. மூன்று இரவு

இரண்டு வாரம் ஆனது. முப்பத்தைந்து லிட்டரில் ஒரே மாதிரி இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாற்பது ஆம்பியர்-அவர் சார்ஜ் வேண்டும் என்பதால் பேட்டரியையும் இரண்டாக்கினேன். இரண்டு கம்ப்ரெசர், இரண்டு ஃபியூஸ். சின்னப் பெட்டி இரண்டு வைப்பது பெரிய பெட்டி ஒன்று வைப்பதைவிட வீண் என்று எந்த இணையதளமும் சொல்லும். சொல்லட்டும்.

முதல் பயணம் கேமரன் மலைக்கு. மூன்று இரவு தங்கினார்கள். மூன்றும் முழுசாக, வேனுக்குள்ளேயே. திரும்பி வந்த அன்றே அங்கிள் வேனைப் பட்டறைக்கு ஓட்டிவந்தார். முன்சீட்டில் ஒரு முட்டைக்கோஸ் மூட்டை சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன அங்கிள் இது?"

"உன் வேலைதான் லா. மீனெல்லாம் முதல் நாளே முடிஞ்சிடுச்சு. அப்புறம் ரெண்டு நாள் என் ஃபிரிட்ஜ் காலி, சும்மா ஓடுது. இவ மலையில இருக்கற காய்கறி எல்லாத்தையும் வாங்கிட்டா. அவளோடதுல இடம் இல்ல. என்னோடதுல வைன்னு சொன்னேன். என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை!"

"கழுவிட்டீங்களா?"

"மூணு தடவை கழுவினேம்மா. மீன் ஃபிரிட்ஜ் மீன் ஃபிரிட்ஜ்தானாம்."

பின்னால் நின்ற ராமு அண்ணே சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்ரெசரைப் பரிசோதிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஆன்டியே போன் செய்தார். "ஸ்டெல்லா, என்னோட ஃபிரிட்ஜு பத்தலம்மா. பெருசா வேணும். அப்புறம் அந்தக் குளிருல இட்லி மாவு பொங்கவே இல்ல. அதுக்கும் ஒரு வழி பண்ணு."

"அடுத்து எத்தனை நாளுக்கு ஆன்டி?"

"பத்து நாள். வடக்க கோத்தா பாரு வரைக்கும் போயிட்டு, அப்படியே கடலோரமா இறங்கலாம்னு இருக்கேன்."

"பத்து நாளா!" என்று தூரத்தில் அங்கிளின் குரல் கேட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை போல.

என் கேள்வித்தாளில் இப்போது இரண்டே கேள்வி. உள்ளே என்னென்ன வைப்பீர்கள்? எது எதோடு சேரக் கூடாது? லிட்டர், டிகிரி, ஆம்பியர் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்து நிற்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கணக்கு தப்பாவதில்லை, எதைக் கணக்குப் போடுகிறோம் என்பதுதான் தப்பாகிறது.

ஆன்டிக்கு அறுபது லிட்டர், அங்கிளுக்கு இருபது என்று மாற்றப் போகிறேன். அங்கிளுடையதற்குத் தனி சுவிட்ச். மீன் முடிந்தால் அணைத்துவிடலாம். மாவுக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளே குளிரவைக்கும்போது கம்ப்ரெசர் பக்கம் சூடான காற்றை வெளியே தள்ளும். இதுவரை அதைத் துவாரம் வெட்டித் துரத்திக்கொண்டிருந்தேன். இனி ஆன்டியின் ஃபிரிட்ஜிலிருந்து வரும் சூட்டை மட்டும் ஒரு குழாய் வழியாகப் பக்கத்து அலமாரிக்குத் திருப்பினால், மாவுப் பாத்திரம் அங்கே முப்பது டிகிரியில் உட்காரும், மாவு பொங்கும். பொங்க வேண்டும். ராமு அண்ணே அட்டைப்பெட்டியையும் டேப்பையும் வைத்து நான் செய்த மாதிரியைப் பார்த்துவிட்டு, "ஐரோப்பால இது இல்ல" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

சனிக்கிழமை காலை ஆன்டி அரைத்த மாவோடு பட்டறைக்கு வருகிறார். பாத்திரம் எவ்வளவு உயரம் என்று நேற்றே கேட்டு வைத்துவிட்டேன்.