வண்டியில் எனக்கு வேண்டிய மூன்றடி

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் மெஷின் பார்ப்பதற்காக ஜெர்மனி போய்விட்டு வந்தார். பிள்ளைகளுக்குச் சாக்லேட், எனக்கு ஒரு கைப்பை, தனக்கு ஒரு வண்ணப் புத்தகம் கொண்டுவந்தார். புத்தகம் முழுக்க வீடு மாதிரியான வண்டிகள். உள்ளே கட்டில், சோபா, அடுப்பு, ஜன்னலுக்கு லேஸ் திரை. ஒரு படத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் வண்டியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

எங்களுக்குச் சிங்காநல்லூரில் பம்ப் மோட்டார் பாகங்கள் வார்க்கிற பவுண்டரி. அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். பூர்வீகத் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். அந்த வருஷம் தொழில் நன்றாக நடந்தது. எதையாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது.

"அந்த மாதிரி வண்டி இங்க எங்கயும் விக்கறதில்லீங்களேண்ணா" என்றார் கொழுந்தனார்.

"விக்காட்டி என்ன? மினி பஸ் சேஸிஸ் ஒண்ணு வாங்கி நாமளே பாடி கட்டிப்போடலாம்" என்றார் இவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பெரிய தாளை விரித்து இருவரும் வரைய ஆரம்பித்தார்கள். டிரைவருக்குப் பின்னால் திரும்பிக்கொள்கிற மாதிரி இரண்டு நாற்காலி. அதற்குப் பின்னால் ப வடிவத்தில் சோபா. எதிரே டிவி, கூடவே வீடியோ பிளேயர். ஏசி, அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டர். பிரிட்ஜ், கேஸ் அடுப்பு, கடைசியில் கட்டில். கொழுந்தனார் மனைவி ஆளுயரக் கண்ணாடி வைத்த அலமாரி கேட்டாள். பிள்ளைகள் நாலு பேரும் ரயிலில் இருக்கிற மாதிரி மேல் படுக்கை கேட்டார்கள். என்னை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பயணமே பிடிக்காது என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவளே நான்தான்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொல்லிக்கொடுத்தார், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. கோயமுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் காரில் போனாலும், ஒரு பெண் நம்பி இறங்கக்கூடிய இடம் அப்போது ரோட்டில் கிடையாது. ஆண்கள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குவார்கள். நாங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒருமுறை மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் வேறு வழியே இல்லாமல் ரோட்டோரக் கருவேலம் புதருக்கு ஒதுங்கினேன். கொழுந்தனார் மனைவி முந்தானையை விரித்து மறைத்து நின்றாள். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் பஞ்சராகி நின்று, அதிலிருந்த கூட்டம் மொத்தமும் இறங்கியது. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோதும் என் காது சூடு ஆறவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம், எங்கள் தோட்டத்தைத் தவிர, நான் அவிநாசியைத் தாண்டி எங்கும் போகவில்லை. தோட்டத்துக்குப் போவதென்றால்கூட அவிநாசியில் மாமன் வீட்டில் இறங்கி, ஒரு வாய் காபி குடித்த பேர் பண்ணி, பாத்ரூம் போய்விட்டுத்தான் மறுபடி வண்டி ஏறுவேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் தலைவலி, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சொல்லிச் சொல்லித் தப்பித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிக் கட்டிலுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் போட்டு வெறுமனே விட்டிருந்தார்கள்.

"இது என்னங்க?"

"சும்மா, சாமான் வெக்கற எடம்" என்றார் கணவர்.

"அங்க ஒரு பாத்ரூம் வெக்கலாமுங்க."

கொழுந்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க நங்கையா, முன்னால சாமி படம் மாட்டற வண்டியில பின்னால கக்கூஸா?" எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஊட்டுலயும் சாமி ரூமு இருக்குது, பாத்ரூமும் இருக்குதுங்களே தம்பி."

"நீதான் எங்கயும் வாரதில்லையே அம்மணி" என்றார் கணவர், பென்சிலை எடுக்காமலே. "உனக்குத்தான் பயணமே புடிக்காதே."

இன்றைக்கு விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. கொழுந்தனார் இருக்கிறாரே என்றும் தோன்றியது. இருக்கட்டும், அவரும்தானே வண்டி கட்டுகிறார்.

"எனக்குப் பயணம் புடிக்குமுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல என்னால அடக்க முடியறதில்ல. அதனாலதான் வாரதில்ல. நாலு வருஷமா அதுதான், தலைவலியெல்லாம் ஒண்ணுமில்ல."

கொழுந்தனார் கூராக இருந்த பென்சிலையே மறுபடி சீவ ஆரம்பித்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல?" என்றார் கணவர்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒரு வட்டம் போட்டார்.

ஆனால் மறுநாள் சாயங்காலம் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போய்விட்டு வந்து, "மேஸ்திரி ஆகாதுங்கறாரு. எடை, நாத்தம், எடம் எல்லாமே தகராறு" என்றார். நல்லது, மேஸ்திரியை நானே பார்க்கிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. நான் போவேன் என்று நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பட்டறை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். மேஸ்திரிக்கு ஐம்பது வயசிருக்கும். ஒரு பெண் பட்டறைக்குள் வந்ததைப் பார்த்ததும் வெல்டிங்கை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்கம்மா, முடியாதுன்னு சொல்லலீங்க. இதுவரைக்கும் செஞ்சதில்லீங்க. ரெண்டு பேர் சீட்டு, மூணு பேர் சீட்டு, அதைத்தானுங்க இருவது வருசமா செய்யறோம்."

"என்னென்ன இடிக்குதுன்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்."

அவர் பொறுமையாகச் சொன்னார். கூரைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தால் வளைவில் வண்டி சாயும். கழிவுத் தொட்டியை அடியில் தொங்கவிட்டால் ரோட்டு மேட்டில் இடிக்கும். நாற்றம் மேலே வந்தால் ஏசி போட்ட வண்டியில் ஒருத்தரும் உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாத்ரூமுக்கு மூன்றடி அகலமாவது வேண்டும், தாளில் போட்ட கட்டம் போதாது, சோபாவில் கை வைத்தால்தான் அது கிடைக்கும். நான் சேஸிஸின் நீளம் அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பவுண்டரி விடுமுறை. சரக்கு அனுப்புகிற ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வண்டியை முழு அளவில் வரைந்தேன். சோபா இருக்கிற இடத்தில் பெஞ்சுகளைப் போட்டேன். பிரிட்ஜுக்கு ஒரு மரப் பெட்டி, டிவிக்கு ஒரு அட்டைப் பெட்டி, கட்டிலுக்குக் கட்டில். பிறகு வீட்டில் எல்லாரையும் வரவழைத்துக் கோட்டுக்குள் உட்காரச் சொன்னேன்.

ப வடிவ சோபாவில் எட்டுப் பேர் உட்கார்ந்ததும் முழங்காலும் முழங்காலும் முட்டின. பின்னால் கட்டிலுக்குப் போக வேண்டும் என்றால் நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும். டிவி இரண்டு பேருக்குத்தான் நேராகத் தெரிந்தது. கொழுந்தனாருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"சோபாவுல இந்தப் பக்கத்துக் கையை எடுத்துப்போட்டா?" என்று என் கணவரே ஒரு பெஞ்சை இழுத்து வெளியே போட்டார். நடக்க வழி கிடைத்தது. பின்னால் மூன்றடியும் கிடைத்தது.

என் கணவருக்கு ஒரு விஷயம் எஞ்சினியரிங் ஆகிவிட்டால் வெட்கம் போய்விடும். அன்று மத்தியானமே தொட்டிக் கணக்கில் இறங்கினார். தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்து, சின்ன பம்ப் போட்டு மேலே ஏற்றலாம் என்றார். பம்ப் செய்கிறவர்களுக்கு அது ஒரு வேலையா? கழிவுத் தொட்டியைத் தட்டையாக எவர்சில்வரில் அடித்து, பின்சக்கர அச்சுக்கு முன்னால் மாட்டி, நாற்றம் போக ஒரு குழாயைக் கூரைக்கு மேலே எடுத்துவிடலாம் என்றார். மேஸ்திரி கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானு ஆகாதுன்னே சொல்லியிருக்க மாட்டேனுங்க" என்றார்.

இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நான் நிற்க வேண்டியிருந்தது. பாத்ரூம் கதவைச் சோபா பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். யார் போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கவா என்று கேட்டு, கட்டில் பக்கமாகத் திருப்ப வைத்தேன். வெஸ்டர்ன் டாய்லெட் என்றதும் கொழுந்தனார் மனைவி முகம் சுளித்தாள்.

"அதுல உக்காந்து எனக்குப் பழக்கமில்லக்கா."

"ஓடற வண்டியில குந்த முடியாது கண்ணு. உழுந்துபோடுவ."

இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டோம். எல்லாம் முடிந்தபின், தண்ணீர் நிரப்பிப் பல்லடம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, நான் மட்டும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே பக்கெட் என் காலில் வந்து மோதியது. தண்ணீர் கதவுக்கு அடியில் கட்டில் வரைக்கும் ஓடியது. பட்டறைக்குத் திரும்பி, பக்கெட்டுக்கு ஒரு வளையமும் வாசலில் இரண்டங்குல உயரத் தடுப்பும் வைக்கச் சொன்னேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வைத்தார்.

முதல் பயணம் கன்னியாகுமரிக்கு. விடிந்ததும் கிளம்பி, பல்லடத்தில் டீ குடித்தோம். தாராபுரத்தில் இளநீர் குடித்தோம். நான் இரண்டு குடித்தேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பின்னால் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளியே தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல் சிரித்தேன். வெளியே வந்தபோது கொழுந்தனார் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றாள். மதுரை ஊருக்குள் வண்டிகள் நகராமல் நின்றபோது கொழுந்தனாரும் எழுந்து போனார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தானே கதவை அந்தப் பக்கம் வைத்தது.

திரும்பும்போது நேராகக் கோபித் தோட்டத்துக்குப் போனோம். தொட்டியைக் காலி செய்ய அங்கே தென்னை வரிசைக்குத் தள்ளி ஒரு குழி வெட்டி வைத்திருந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவரைக் கூப்பிடப் போனார் கொழுந்தனார்.

"வேண்டாமுங்க தம்பி. நம்ம அழுக்கை எதுக்கு இன்னொருத்தர் அள்ளோணும்? நானே பாத்துக்கறேன்."

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பவுண்டரி ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன். குழாயை மாட்டிவிட்டேன். வால்வு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். என் கணவர் சற்று நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு வந்து, "நகரு, அது இடப் பக்கம் திருகோணும்" என்று தானே திறந்தார். குழாயின் மறுமுனையைக் குழிக்குள் நான் பிடித்துக்கொண்டேன். கொழுந்தனார் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கழுவ வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். அரை மணி நேர வேலை. முடிந்ததும் மூன்று பேரும் பம்ப் செட்டில் குளித்தோம், ஒருவர் முடிந்து ஒருவர்.

வண்டியில் வீடியோ பிளேயர் இரண்டாவது மாதமே கேசட்டை விழுங்க ஆரம்பித்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் ஏசி போட்டால் பேச முடியவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் போனோம். பாத்ரூமில் ஒரு தொந்தரவும் வரவில்லை. விசேஷங்களுக்குப் போகிற இடங்களில் சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பார்கள். சோபாவைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் நடப்பார்கள். எத்தனை பேருக்கு என்னைப் போலவே இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது ராமேஸ்வரம் போகலாம் என்றார் என் கணவர். நான் மைசூர் என்றேன். சத்தியமங்கலம் வழியாக, திம்பம் மலை ஏறி, மைசூருக்கே போனோம்.