பால்பவுடர் டின்னின் மூடி

வறுத்த அன்றைக்குக் காப்பிக்கொட்டை மணக்காது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அன்றைக்கு அதில் வருவது வெறும் புகைவாடைதான், ஈரச் சாக்கை அடுப்பருகே காயப்போட்டால் வருமே, அப்படி ஒரு வாடை. மறுநாள் அது கொஞ்சம் அடங்கும்; மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறக்கும்போதுதான் காப்பி என்று நாம் சொல்கிற வாசம் எழுந்து வீடு முழுக்க நிற்கும். ஊரே சொக்கிப்போகிற அந்த வாசத்தில் எனக்கு மட்டும் இன்றைக்கும் முதலில் பார்வை வாசல் பக்கம் போகிறது, அதற்கப்புறம்தான் வாயில் நீர் ஊறுகிறது.

நான் வளர்ந்தது ஏற்காட்டில், மாரமங்கலம் போகிற பஸ் தடத்தில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டின் ‘லைன் ஊட்டில்’. ஒரே தகரக் கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டிய எட்டுக் குடித்தனங்கள். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் மற்ற ஏழு வீட்டுக்கும் சோறு இறங்கும். அப்பா லாரி ஓட்டினார், மாதத்தில் இரண்டு முறை தலைகாட்டிவிட்டுப் போவார். அம்மா எஸ்டேட்டில் பழம் பறித்தாள், களை வெட்டினாள், களத்தில் கொட்டையைக் காயவைத்துக் கிளறினாள். அம்மாவுக்கு அங்கே வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு எங்களுக்கு.

எஸ்டேட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம் ஒன்று உண்டு. ‘ஒத்தக் கொட்டை ஊட்டுக்குப் போகக்கூடாது.’ சாயங்காலம் வேலை விட்டுத் திரும்பும் பெண்கள் சோறு கொண்டுபோன தூக்குப்போசியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார்கள். நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் விறகுக்கட்டுக்குள் ஒரு பை கொட்டை பிடிபட்டது. மறுநாள் மத்தியானமே அவர்களுடைய சாமான்கள் ரோட்டோரத்துக்கு வந்துவிட்டன. அக்காவின் மகள் மல்லிகா என் வகுப்புத்தான். சுருட்டிய பாயின் மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூடுபனிக்குள்ளே பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. நானும் கிட்டே போகவில்லை. போனால் எங்கள் சாமானையும் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் என் அம்மா காப்பிப் பைத்தியம். பஜாரில் விற்ற தூளை வாயில் வைத்துவிட்டு, “நாளெல்லாம் பறிக்கறது காப்பி, குடிக்கறது சிக்கரியா?” என்று முகத்தைச் சுளிப்பாள். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பலாமரம். அறுவடைக் காலத்தில் வௌவால்கள் காப்பிப் பழத்தைக் கவ்விவந்து அந்த மரத்தில் தொங்கிக்கொண்டு தின்னும், சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பிவிடும். விடிந்ததும் அம்மா விளக்குமாற்றோடு போய்ச் சருகைக் கூட்டுகிற சாக்கில் அதையும் பொறுக்கிவந்துவிடுவாள். கழுவி, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் முறத்தில் காயவைத்து, உரலில் போட்டுத் தொலி நீக்கி, துணிப்பையில் சேர்த்து வைப்பாள். நான் பயந்தால், “வவ்வாலு துப்புனதுக்குக்கூடவா எஸ்டேட்டுக்காரங்க சொந்தம் கொண்டாடுவாங்க? சும்மா இரு கண்ணு” என்பாள். சொல்லும்போதே வாசல் பக்கம் ஒரு பார்வை போய்விட்டு வரும்.

பொறுக்குவதை மறைத்துவிடலாம், வறுப்பதை எப்படி மறைப்பது? அதனால் வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும்வரை அம்மா காத்திருந்தாள். அன்றைக்கு லைனில் ஒரு குஞ்சுகூட இருக்காது, எல்லோரும் மலை உச்சிக்குப் போய்விடுவார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அம்மா நின்றுவிட்டாள். என் நெற்றியில் பற்றுப் போட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே இரும்புச் சட்டியை ஏற்றினாள். மற்றப் பிள்ளைகள் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பற்றுப் போட்ட நெற்றியோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கொட்டை வெடிக்கிற ஒவ்வொரு சத்தமும் கேட் வரைக்கும் கேட்பதாகவே எனக்கு இருந்தது.

வறுத்ததை முறத்தில் கொட்டி விசிறி ஆறவைத்து, பெரிய பால்பவுடர் டின் ஒன்றில் கழுத்து வரை நிரப்பினாள். மூடியை அழுத்தவில்லை, மேலே சும்மா வைத்தாள். “மூணு நாளைக்கு இது மூச்சு உடும் கண்ணு. இறுக்கி மூடக்கூடாது, அரைக்கவும் கூடாது. அவசரப்பட்டா நொம்பக் கசந்து போயிரும்” என்றாள். காதை டின்னருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாடை மட்டும் மூடியின் இடுக்கு வழியே விடாமல் வந்துகொண்டிருந்தது. வறுத்த புகையாவது சன்னல் வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. இது மூன்று நாள் போகாதே என்று கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அம்மா களை வெட்டப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் லீவு, நான் தனியாக இருந்தேன். கோடிவீட்டு அத்தை வாசலில் நின்று யாரிடமோ சத்தமாகச் சொன்னது காதில் விழுந்தது: “ஏனுங்க, இன்னிக்கு ரைட்டரு ஊடு ஊடா வர்றாராமுங்க.”

ரைட்டர் என்றால் எங்களுக்கு எஸ்டேட்டே அவர்தான். ஆள் பேர் எழுதுவது, வேலை பிரித்துக் கொடுப்பது, கேட்டில் போசியைத் திறந்து பார்ப்பது, எல்லாம் அவர். ராசாத்தி அக்காவின் விறகுக்கட்டை அவிழ்த்ததும் அவர்தான். எதற்காக வருகிறார் என்று நான் கேட்கப்போகவில்லை. வாடை பிடித்துக்கொண்டுதான் வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மல்லிகா உட்கார்ந்திருந்த பாயில் நான் உட்கார்ந்திருப்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது.

டின்னின் மூடியை உள்ளங்கையால் அழுத்தினேன். வாடை நின்றபாடில்லை. அம்மிக் குழவியை எடுத்து மூடியின் மேல் இரண்டு போடு போட்டேன். அதுவும் போதவில்லை என்று தோன்ற, கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியைக் கொளுத்தி, மூடியைச் சுற்றி மெழுகை ஊற்றி அடைத்தேன். விரலெல்லாம் சுட்டது. பிறகு டின்னைக் கம்பளியில் சுற்றி, பெஞ்சு போட்டு ஏறி, பரணில் கூரைத் தகரத்துக்கு அடியில் தள்ளினேன். முகர்ந்து பார்த்தேன், வாடை துளியும் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வைகாசி வெயிலில் அந்தத் தகரம் தோசைக்கல்லாய்க் காயும் என்பதும், உள்ளே அந்தக் கொட்டை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும் என்பதும் எனக்கு எங்கே தெரிந்தது?

மத்தியானம் அம்மா சோறு உண்ண வந்த நேரத்தில் ரைட்டரும் வந்தார். அவர் வந்தது மழைக்கு முன்னால் எந்தெந்தத் தகரம் ஓட்டையாகிவிட்டது என்று பார்க்க, அவ்வளவுதான். நோட்டும் கையுமாக வீட்டு நடுவில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “எங்கம்மா ஒழுவுது?” என்றார். அம்மா ஒரு மூலையைக் காட்டினாள். அவர் பார்வை அந்த மூலையிலிருந்து பரண் பக்கமாக மெல்ல நகர்ந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

‘டப்’ என்று வெடித்தது. மூடி பறந்து தகரத்தில் மோதிய சத்தத்தில் நான் கத்தியேவிட்டேன். கம்பளி சரிந்தது. கொட்டைகள் பரண் விளிம்பிலிருந்து பொலபொலவென்று கொட்டி, ரைட்டரின் செருப்பைச் சுற்றி உருண்டன. அதோடு சேர்ந்து, காலையிலிருந்து நான் அடைத்து வைத்திருந்த வாசம் முழுவதும் ஒரே மூச்சில் கீழே இறங்கியது.

அம்மா முதலில் டின்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நாந்தானுங்க மூடிய இறுக்கிட்டேன்” என்றாள், அதுதான் அங்கே குற்றம் என்பதுபோல. பிறகு, “வவ்வாலு துப்புனதுங்க ஐயா, பலாமரத்தடியில பொறுக்குனதுங்க, சாமி சத்தியமாங்க” என்றாள்.

ரைட்டர் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடித்து மென்றார். “வவ்வாலு கொட்டையா எஸ்டேட்டுக் கொட்டையான்னு, வறுத்ததுக்கப்புறம் யாரும்மா கண்டுபுடிக்கறது?” என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நோட்டில் ஏதோ எழுதினார். வாசலைத் தாண்டும்போது திரும்பி, “நேத்து வறுத்ததுதான? நாளைக்கு வர்றேன். மூணாம் நாளுதான நல்லாருக்கும்?” என்றார்.

அந்த இடைப்பட்ட பொழுதில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு அடுக்கி வைத்தாள். நான் என் பள்ளிக்கூடப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னபடி அவர் வந்தார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள், நின்றுகொண்டே குடித்தார். “எங்கூட்டுல காப்பின்னா உசுரு” என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த காலி டப்பாவை நீட்டினார்.

நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. மாதம் பிறந்தால் டப்பா வந்தது. வௌவால் கொட்டை ஆடி மாதத்தோடு தீர்ந்தது. டப்பா மட்டும் தவறாமல் வந்தது, அம்மா கூலிக் காசில் பஜாரில் கொட்டை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். கார்த்திகையில் அறுவடை தொடங்கியபோது பலாமரத்தடியில் கிடைத்தது அவர் வீட்டுக்குப் போதவில்லை, வாங்கிக் கொடுக்கக் காசும் இல்லை. அதனால் அம்மா களத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள். அதுவரை திருடாத என் அம்மா, திருடி என்று பெயர் வாங்காமல் இருப்பதற்காகத் திருடினாள். கேட்டில் அவள் போசியை மட்டும் ரைட்டர் திறக்கச் சொல்வதில்லை. அதை மற்றப் பெண்கள் கவனித்தார்கள், அம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். காப்பிப் பைத்தியமான அம்மா காப்பி குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த அறுவடை முடிந்த வாரம் அப்பாவை வரச்சொல்லி, “நாமளே போயிரலாமுங்க” என்றாள். யாரும் எங்கள் சாமானைத் தூக்கி வெளியே வைக்கவில்லை, நாங்களே வைத்தோம். ரோட்டோரத்தில் பாயின் மேல் நான் உட்கார்ந்திருந்தபோது லைனிலிருந்து ஒரு பிள்ளையும் கிட்டே வரவில்லை.

இப்போது சேலத்தில் என்னோடுதான் அம்மா இருக்கிறாள். போன மாதம் அவளை மலைக்குக் கூட்டிப்போனேன். லைன் வீடுகள் இருந்த இடத்தில் காட்டேஜ்கள் நிற்கின்றன, பலாமரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். மரம் இல்லாததால் வௌவாலும் இல்லை. பஜாரில் வறுத்த கொட்டை ஒரு பை வாங்கினேன். அந்தப் பையிலேயே காற்று வெளியே போவதற்குச் சின்னதாக ஒரு துளை வைத்திருந்தார்கள். அம்மா அதை மூக்கருகே வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “பரவால்ல, மூச்சு உடறதுக்கு வழி வெச்சுட்டாங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து கொட்டையை டின்னில் கொட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “அன்னிக்கு மூடிய அடைச்சது நாந்தாம்மா” என்றேன்.

“தெரியுங் கண்ணு. உன் வெரலெல்லாம் மெழுகு ஒட்டியிருந்துது.”

“அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?”

அம்மா சிந்திய கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “கேட்டிருந்தா, அதுக்கப்புறம் நான் மடியில கட்டிட்டு வந்ததுக்கெல்லாம் நீதான் காரணம்னு நெனச்சிருப்ப. சின்னப்புள்ளைக்கு அது எதுக்கு?”

இருபத்தைந்து வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பொறுக்கிக் கொடுத்ததையும் டின்னில் போட்டு, மூடியை அழுத்தாமல் மேலே சும்மா வைத்தேன்.