வெயில் இறங்கிய பிறகு வைத்திக்குப்பம்

ஆறு வருடங்களாகப் புதுச்சேரிக்குப் போய்வருகிறேன், கடலைப் பார்த்ததில்லை. திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் செஞ்சி, திண்டிவனம் வழியாக வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவேன். ரத்தம் கொடுப்பேன், டாக்டரைப் பார்ப்பேன், மாத்திரை வாங்கிக்கொண்டு அதே வாசலில் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பேன். எனக்கு லூபஸ். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் உடம்பையே அடிக்கும் நோய். மூட்டு வீங்கும், முடி கொட்டும், கன்னங்கள் சிவக்கும். வெயில் பட்டால் எல்லாமே கூடும்.

இந்த மாசி மாதம்தான் முதன்முறையாக டாக்டரைப் பார்க்காமல், மும்தாஜைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்த சிநேகிதி அவள், அவளுக்கும் லூபஸ்தான். "வைத்திக்குப்பத்துல மீன் விக்கிற பொம்பளைங்ககிட்ட இந்த நோவப் பத்திப் பேசணும். நீயும் வாக்கா, தனியா பேச எனக்கு ஒதறுது" என்று போன் செய்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுப்புரம் வழியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் இடப்பக்கம் ஓர் இடமும் இல்லை. வலப்பக்கம் ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது, வெயிலும் அங்கேதான் கிடந்தது. "ஏம்மா நிக்கறீங்க? அங்க சீட்டு இருக்குதே" என்றார் கண்டக்டர்.

"வெயில் பட்டா எனக்கு உடம்பு வீங்கிரும்ணா."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனைத் தட்டி, "தம்பி, நீ கொஞ்சம் வெயில் வாங்கேன்" என்றார். பையன் சிரித்தபடி மாறிக்கொண்டான்.

விழுப்புரத்தில் மாறி, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான கடைசித் துண்டு. ரெட்டியார்பாளையம் வந்ததும் கடைகளும் போர்டுகளும் நெருங்கின. பஸ் ஸ்டாண்டிலிருந்து மும்தாஜ் வீட்டுக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். கதவைத் திறந்தது அவளுடைய மாமியார் ஜைனப் அம்மா. கையில் குடையோடு நின்ற என்னைப் பார்த்ததும், "வாம்மா, மொதல்ல நெழலுக்கு வா" என்று உள்ளே இழுத்தார்.

டீயும் சமோசாவும் வந்தன. கூடவே கோபமும் வந்தது. "வூட்டுக்குள்ள இருக்குற நோவ ஊரு பூரா சொல்லணுமாம்மா? நாளைக்கு எம் பேத்திக்கு மாப்ள தேட வேணாமா?"

மும்தாஜ் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் தெரியாத எடத்துல மயங்கி வுழுந்தா யாரு தூக்குறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே புர்க்காவை எடுத்து மாட்டினார். எங்களுக்கு முன்னால் அவர்தான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. ஆட்டோக்காரர் பின்பக்கத் தெருக்கள் வழியாக வைத்திக்குப்பம் கொண்டுபோய்விட்டார். வெயில் இறங்கிய பிறகு கூட்டம் என்று வைத்தது இரு தரப்புக்கும் வசதி. பேசுகிற எங்களுக்கு வெயில் ஆகாது. கேட்க வருகிறவர்களுக்கு அதற்கு முன் மீன் விற்று முடியாது.

தெருவிளக்கின் கீழே இருபது பெண்கள்வரை பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நோயின் அடையாளங்களைச் சொன்னேன். மும்தாஜ் தன் கதையைச் சொன்னாள்: காய்ச்சல் என்று ஒரு வருடம் மாத்திரை விழுங்கியது, குழந்தையைத் தூக்க முடியாமல் விரல்கள் மடங்கிப்போனது. முன்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "எல்லாஞ் சரி. அது ஒட்டுமா?"

"ஒட்டாது" என்றாள் மும்தாஜ்.

"நீ அப்பிடித்தான் சொல்லுவ. உங்கூட இருக்குறவங்க சொல்லணும்."

மும்தாஜ் என் பக்கம் திரும்பினாள். நான் டாக்டர்கள் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஜைனப் அம்மா எழுந்துவிட்டார்.

"நான் இவ மாமியா. இவ வூட்டுக்கு வந்து ஏழு வருசம், நோவு வந்து நாலு வருசம். நாங்க ஒரே சஹன்ல ஒக்காந்து திங்கறவங்க. சஹன்னா பெரிய தட்டு, நாலு பேரு சுத்தி ஒக்காந்துக்குவோம். இவ கை வச்ச சோத்துலதான் எங் கையும். ஒட்டுற நோவா இருந்தா மொதல்ல எனக்குல்ல ஒட்டியிருக்கணும்? என் மூஞ்சிய நல்லா பாருங்க!"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மும்தாஜ் சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் கலைந்தபிறகு ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். முந்தானையால் பாதி முகத்தை மறைத்திருந்தாள். பெயர் அஞ்சலை. துணியை விலக்கியபோது, மூக்கின் இருபுறமும் கன்னங்களில் எனக்குப் பழக்கமான அதே சிவப்பு. பல மாதங்களாகத் தன் தட்டையும் தம்ளரையும் அவளே தனியாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எம் புள்ளைக்கு ரெண்டு வயசுக்கா. ஒட்டிக்கும்னு பயந்து பக்கத்துல படுக்கவக்கறதில்ல. அது அழுதுட்டே தூங்குது" என்றாள். "இனிமே வச்சுக்கலாமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் நான் டாக்டர் இல்லையே. "லூபஸா இருந்தா ஒட்டாது. ஆனா உனக்கு என்னான்னு டாக்டர்தான் சொல்லணும். காலையில போவோம், நானும் வரேன்" என்றேன்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் மூவரும் நடந்தோம். இருட்டில் கடலை நான் முதலில் காதால்தான் பார்த்தேன். முழங்கால் வலித்தபோது பாறைகளுக்கு முன்னாலிருந்த சுவரில் உட்கார்ந்தோம். ஜைனப் அம்மா மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அஞ்சலை கணவனோடும் குழந்தையோடும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா அவள் கன்னங்களையும் விரல்களையும் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார். அஞ்சலை நாற்காலியைவிட்டு எழவில்லை. தன் கேள்வியைக் கேட்டாள்.

"டெஸ்ட்ல எது வந்தாலும் சரி, இது ஒட்டுற நோவு இல்ல. புள்ளைய வாங்கிக்கம்மா" என்றார் டாக்டர்.

கணவன் நீட்டினான். குழந்தை முதலில் அவளை வேற்றாள்போலப் பார்த்தது. பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தச் சிவந்த கன்னத்தைக் கையால் பட்டுப்பட்டென்று அடித்தது. அஞ்சலை அடி வாங்கிக்கொண்டே நின்றாள். பரிசோதனை முடிவு சில நாள் கழித்து வந்தது. லூபஸ்தான், சிறுநீரகத்தைத் தொடுவதற்குள் மாத்திரை தொடங்கிவிட்டார்கள் என்று மும்தாஜ் போனில் சொன்னாள்.

அன்று ஊர் திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில், சரியான பக்கத்தில் இடம் கிடைத்தது. என் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே யாரும் எனக்குத் தனித்தட்டு வைத்ததில்லை. அடுப்படிக்கு வராதே, கல்யாணத்துக்கு வேண்டாம், படுத்துக்கொள் என்று அன்பாலேயே என்னைத் தனியாக வைத்துவிட்டார்கள். நானும் அதற்குப் பழகிப்போயிருந்தேன். செஞ்சிக்கோட்டை தெரியும்போது கணவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, வர்ற பௌர்ணமிக்கு மலையச் சுத்த நானும் வரேன். ராத்திரிதானே, வெயில் இருக்காது."

"பதினாலு கிலோமீட்டர், கலா. பாதியில முடியலன்னா?"

"முடியலன்னா ஒக்காந்துக்கறேன். நீங்களும் கூட ஒக்காருங்க."



"சரி, வா" என்றார்.