மாதச் சந்தாவில் கட்டிய ஊர்

எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2005-ஆம் ஆண்டு மாசி மாதம். இல்லை, பங்குனியில்தான் வந்தது என்பாள் மனைவி. முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை அதன் உறையைக் கழற்றக் கூடாது என்று இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளிடம் அவளே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உறை பல வாரங்கள் கழற்றப்படாமலே இருந்ததும் நினைவிருக்கிறது. ஆகவே மாசிதான். அரக்கோணத்தில் ஓர் அலுவலகம் பழைய கணினிகளைக் கழித்துவிட்டபோது ஒன்றை வாங்கி, திருத்தணி வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திரைப்பெட்டி என் மடியில். மற்றதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானின் மடியில்.

நான் தாலுகா ஆபீசில் எழுத்தர். மனைவி மணவூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. தினமும் ரயிலில் போய் வருவாள். அவள் பிறந்தது மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறைகளாகச் சமைக்கும் குடும்பத்தில். அவளுடைய அப்பாவுக்குப் பிறகு இப்போது தம்பி, அதாவது அந்த மச்சான், அங்கே அடுப்பில் நிற்கிறான். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது மடப்பள்ளி வழக்கம். உப்பு சரியா, வெல்லம் போதுமா என்பதை ஆவியின் வாசனையிலும் கொதிக்கும் சத்தத்திலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாயில் வைக்காமலே ஒரு பொருளைப் பற்றி முடிவுக்கு வரும் அந்தப் பழக்கம், மனைவிக்குக் கணினி விளையாட்டு வாங்குகிற இடத்தில் இப்படிப் பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

கணினி விளையாட்டை அவள் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், மகள் பிறந்த சமயத்தில். பேருந்து நிலையத்துப் பக்கம், டிவியோடு ஒரு பெட்டியை இணைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. திருப்பதி பேருந்துக்காக நின்றபோது வாசலிலிருந்தே பார்த்தோம். திரையில் ஒருவன் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தான். அவன் தரையைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட, கடைக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"பாவங்க, அந்தரத்துலயே நிக்கிறான்" என்றாள் மனைவி. பேருந்து ஏறிய பிறகும் இரண்டு முறை அதையே சொன்னாள்.

கணினி வந்த பின் மகளுக்கு விளையாட்டுத் தேடும் வேலை என்னிடம் வந்தது. முதலில் கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாகத் தரும் சிடிகளைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள் இருக்கும். எல்லாம் முதல் கட்டம் வரை ஓடும். அதற்குமேல் போக வேண்டுமானால் பணம் கட்டு என்று ஓர் அறிவிப்பு வரும். மகள் ஒன்றை விட்டு ஒன்றாக எல்லாவற்றின் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"இலையப் போட்டு உப்ப மட்டும் வச்சிட்டு பந்திக்காரங்க போயிட்டாங்க" என்றாள் மனைவி.

அப்புறம்தான் சிடி வாடகைக் கடை. பெரும்பாலும் சினிமாப் படங்கள். ஒரு தட்டில் மட்டும் விளையாட்டுகள். கடைக்காரர் நகரி பக்கத்திலிருந்து வந்து குடியேறிய இளைஞர். மனைவியை டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுவார். 2006-ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, காவடிக்காரர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அங்கே போனோம்.

"மாசம் ஒரு தடவ கட்டினா போதும் டீச்சரக்கா. ரெண்டு ரெண்டா எடுத்துகினு போங்க, மாத்திகினே இருங்க."

"மாத்தாம ஒண்ணையே வச்சிகினா?"

"அப்பவும் சந்தா ஓடிகினேதான் இருக்கும்."

"அது ஓடும்பா. நாங்க நின்னுட்டா?"

"நின்னுட்டா சிடி கடைக்கு வந்துரணும்" என்று கடைக்காரர் சிரித்தார்.

மனைவி தட்டிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்னட்டையைப் படித்தாள். முன்னட்டையை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சுடுவதும் துரத்துவதும் மூன்று நாளில் சலிக்கும் என்று ஒதுக்கினாள். கார்ப் பந்தயத்தில் மொத்தமே நான்கு தடங்கள்தான், அடுத்த வாரம் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் என்றாள். கடைசியில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று மிஞ்சியது. வெறும் நிலம், அதில் சாலை, வீடு, சந்தை, ரயில் பாதை எல்லாம் நாமே போட வேண்டும்.

"இது எப்ப முடியும்?" என்று கேட்டாள்.

"ஆங், அது முடியவே முடியாதுக்கா. அதான் யாரும் எடுக்கறதில்ல."

மனைவி அதை மகள் கையில் கொடுத்தாள்.

மகள் கட்டிய ஊரைப் பற்றி நான் எழுதினால் தகப்பன் எழுதியதாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். முதல் ஊரில் வீடுகளை வரிசையாகக் கட்டினாள். ஜனங்கள் வந்து சில நாளிலேயே காலி செய்துகொண்டு போனார்கள். இரண்டாவது ஊரில் ஒரு வீடுகூடக் கட்டாமல், மேட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதிலிருந்து குழாயை ஊர் முழுக்க ஓட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தெருவில் அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். குடத்தோடு நிற்கிற வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள். பிறகு சந்தை, பள்ளிக்கூடம், ஒரு ரயில் பாதை. நகரங்கள் தோன்றியதைப் பற்றித் தடித்த புத்தகங்கள் பல படித்தவன் நான். அவற்றில் பல பக்கங்களில் சொல்லியிருந்ததை ஒன்பது வயதுப் பெண் சுட்டியை நகர்த்தித் தானே கண்டுபிடிப்பதை நாற்காலிக்குப் பின்னால் நின்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஊரில் ஒரு மரம்கூட இல்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மரம் பெருசாவ ரொம்ப நாளாகும்பா. அதுக்குள்ள சிடிய குடுத்துருவோம்."

அவள் சொன்னபடியே ஆயிற்று. மாதம் முடிந்து சிடி கடைக்குப் போனது. மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் கணினியைப் போட்டாள். ஊர் முழுவதும் கணினிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் சிடியை உள்ளே வைத்தால்தான் விளையாட்டு திறக்கும்.

"ஊரு உள்ளதாம்மா இருக்குது. சாவி கடையில இருக்குது" என்றாள் அம்மாவிடம்.

மனைவி திரையின் பக்கம் கையைக் காட்டினாள். "இது வீடு இல்ல கண்ணு, லாட்ஜு. கிருத்திகைக்கு வர்றவங்க எடுக்கிற ரூம் மாதிரி. காலி பண்ற நாள் வந்தா சாவிய குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கணும். அங்க போயி யாராவது செடி வெப்பாங்களா?"

சந்தாவை மறுபடி கட்டினோம். மாதாமாதம் இப்படிக் கட்டுவதா என்று மனைவி கேட்டதால், அந்த விளையாட்டையே சொந்தமாக வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனோம். எங்கள் ஊர்க் கடைக்காரர் தன்னிடம் இருந்ததை விற்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சென்னையில் ஏறி இறங்கிய கடைகளில், அது பழசாகிவிட்டது, இப்போது வருவதில்லை என்றார்கள். ஒரு விற்பனையாளர் அதைவிட இரண்டு மடங்கு பெரிய, பளபளப்பான பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். நான் மணிபர்ஸை எடுத்துவிட்டேன். மனைவி பெட்டியைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்வது போல் இருந்த எழுத்துகளை விரல் வைத்துப் படித்தாள்.

"இதுக்கு நெட் வேணுமா தம்பி?"

"வேணும் மேடம். அதான் இதுல விசேஷமே. எல்லாரும் வந்து உங்க பொண்ணு கூட வெளையாடுவாங்க."

"எல்லாரும் வந்தா சோறு யாரு போடறது? மாசா மாசம் பணம் கட்டணுமா?"

"கார்டு வாங்கிப் போட்டுக்கலாம் மேடம். சின்ன தொகைதான்."

"கட்டலன்னா?"

அவர் பெட்டியின் முன்னட்டையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மனைவி பெட்டியை மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெட் வர்ற டெலிபோன் ஒயர பிடுங்கிட்டு, யாரையும் கேக்காம, அடுத்த வருசம் இதே நாள் தொறந்தா தொறக்குமா? அப்படி எதுனா இருந்தா காட்டுங்க."

கணினி விளையாட்டுகளைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். குழந்தைக்கு எதை வாங்குவது என்பதில் இதைவிட நல்ல கேள்வி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று அந்த விற்பனையாளரிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. வெறுங்கையோடு ரயில் ஏறினோம்.

திருவள்ளூர் தாண்டும்போது மகள் கேட்டாள். "சிடிய குடுத்துட்டா அங்க இருக்கிறவங்கல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"நிறுத்தின எடத்துலயே நிப்பாங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பேருந்து நிலையத்துக் கடையில் அந்தரத்தில் நின்றவன் அவளுக்கு நினைவு வந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடி கட்டிய சந்தா காலாண்டு விடுமுறை வரை ஓடும். இதுதான் கடைசி என்று மனைவி மகளிடம் சொல்லிவிட்டாள். தவணை முடிவது விஜயதசமியன்று. அந்த ஆண்டு காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் வந்தன. அதனால் தேதி எனக்கு மறக்காது.

முதல் நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை, சைக்கிள், மனைவியின் சிவப்புப் பேனா, என் ஆபீஸ் முத்திரை, கணினி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் பொறுப்பு மகளுடையது. பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எதையும் எடுத்துப் புழங்கக் கூடாது. மலையிலிருந்து பொங்கல் கொண்டுவந்த மச்சான், "பாவா, ஆபீஸ் சீலுக்கே பொட்டு வச்சிட்டா பாரு, நாளைலேந்து நீ சீல் குத்தினா சாமி வந்துரும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை, கடைசியாக ஒரு தடவை ஊரைப் பார்க்க மகள் சிடியை எடுத்தாள். அதன் பளபளப்பான பக்கத்தில், நடுத் துளையை ஒட்டி, சந்தனம் காய்ந்து கெட்டியாகி, அதன்மேல் குங்குமம் வட்டமாக இருந்தது.

"இந்தப் பக்கம் ஏன்டா வெச்ச?" என்றேன்.

"மூஞ்சி தெரியற பக்கந்தானப்பா மூஞ்சி? எழுதியிருக்கிறது முதுகு."

துண்டின் முனையால் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். கணினி கரகரவென்று சுற்றிவிட்டு, சிடியே இல்லை என்றது. மகள் அழவில்லை. சிடியை உறையில் போட்டுக்கொண்டு, "கடைக்காரண்ணன் கிட்ட நான்தான் சொல்லணும்" என்று செருப்பை மாட்டினாள்.

நாங்களும் கூடப் போனோம். கடையில் வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு சிடிப் பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். மகள் நடந்ததை முழுதாகச் சொன்னாள். கடைக்காரர் சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் அட்டைக்கு வச்சேன், நீ சிடிக்கே வச்சிட்டியா? என்னவிட உனக்குத்தான் பக்தி ஜாஸ்தி." பிறகு மனைவியிடம், "கீறலும் உளுந்துகினு இருக்குதுக்கா. இனிமே இத யாருக்கும் குடுக்க முடியாது. நீங்க சேரும்போது கட்டின அட்வான்ஸுல கழிச்சிக்கிறேன். ஓடாத சிடி, உங்களுதே."

"எங்களுதா?"

"ஆங். வச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?"

"அப்ப அந்தப் பெட்டியும் குடு. உள்ள அட்டையில நம்பர் இருக்குது. அது இல்லாம வேற கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. துடைச்சி ஓடிச்சின்னா வந்து சொல்றேன், அப்ப அட்வான்ஸு பத்தலன்னா கேளு."

கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சார், உங்க வீட்ல எதுவும் வீணாப் போவாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கூடத்தில் உட்கார்ந்தாள். ஈரப் பஞ்சால் சந்தனத்தை ஊறவைத்து எடுத்தாள். பிறகு துளி விபூதியை நீரில் குழைத்தாள். அவள் பிறந்த வீட்டில் வெள்ளி விளக்கைத் துலக்குவது அப்படித்தான். வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக, விரல் நுனியால், அவசரமே இல்லாமல் தேய்த்தாள். என் துண்டு போட்ட கீறல்கள் முற்றும் போகவில்லை, மங்கின. நல்ல நீரில் கழுவி, பருத்திப் புடவைத் துணியில் ஒற்றி, மகளிடம் கொடுத்தாள்.

கணினி கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது. மகள் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அந்த விளையாட்டின் தொடக்க இசை வந்தது. ஓரிடத்தில் திக்கி, மேலே போனது. மேட்டில் தண்ணீர்த் தொட்டி, குழாய், சந்தை, ரயில் பாதை, எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. நிறுத்திய இடத்தில் நின்றிருந்த ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

மகள் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. ஏங்க, அந்த டெலிபோன் ஒயர பிடுங்குங்க."

பிடுங்கினேன்.

"இப்ப எல்லாத்தையும் மூடு. கம்ப்யூட்டரையும் நிறுத்து. மறுபடி தொற."

மகள் மூடினாள், நிறுத்தினாள், மறுபடி திறந்தாள். இசை வந்தது, அதே இடத்தில் திக்கியது, ஊர் வந்தது.

"ஆங். இப்ப வீடு" என்றாள் மனைவி. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதற்குச் செருப்பைத் தேடப் போனாள்.

நான் வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். மகள் சந்தையையும் பார்க்கவில்லை, ரயிலையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சாலையின் ஓரமாகச் சுட்டியைக் கொண்டுபோய், வரிசையாக மரக்கன்றுகள் வைக்க ஆரம்பித்தாள்.