வாசலுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள்

எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்குள் ஒரு வாசலில் கோலம் விழவில்லை என்றால் கதவைத் தட்டுவோம். நாங்கள் என்றால், தெருவைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பிய ஏழு பேர். மலையாள மண்ணில் இருக்கிற எங்கள் வலியசாலையில் இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர் வைத்த ஓட்டு வீடுகள். பாதி வீடுகளில் ஒரே ஆள்தான். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் தாண்டியோ இருக்கிறார்கள். ஒரு பெரியவர் இறந்துபோய் இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த வீட்டுக்கே தெரிந்தது. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்த ஏற்பாடு. தனியாக இருப்பவர்கள் எழுந்ததும் வாசல் தெளித்து ஒரு கோலம் போட்டுவிட வேண்டும். காலை நடையின்போது நான் நோட்டுப் புத்தகத்தில் டிக் அடித்துக்கொண்டு போவேன். மனைவியை இழந்த ரிடையர்டு எஞ்சினியர் ஒருவர், மாவைக் கையால் தொடமாட்டேன் என்று முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு அடிஸ்கேல் வைத்து நாலு கோடு இழுக்க ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் உள்ளே ஆள் நடமாடுகிறது என்று தெரிந்துவிடும், எங்களுக்கு அது போதும்.

வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். யாரும் தேர்ந்தெடுக்காமலே செயலாளர் ஆனேன். என் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும், கோபம் அதற்கு முன்னாலேயே போய்ச் சேரும். ஓடையைத் தூர்வாரினோம். மூன்று வீடுகளை வாங்கி இடித்து லாட்ஜ் கட்ட வந்தவனை, நாலைந்து மாமிகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசியே விரட்டினோம். குழுவைக் கேட்காமல் யாரும் கூரையிலிருந்து ஒரு ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியதும் நான்தான்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் எஞ்சினியரின் அடுத்த வீட்டு மாமி. எழுபத்து மூன்று வயது, ட்ரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகி வெகு நாளாயிற்று. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை, புனேயில் இருக்கிற மகள் வீட்டுக்கும் போகவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோன் செய்து கூப்பிடுவாள், மாமி தெருவிலிருந்து நகரமாட்டேன் என்பார். கூட்டம் போட்டால் கடைசியில் உட்கார்ந்து என் கணக்குவழக்கில்லாத பேச்சைத் திருத்துவதே அவருக்குப் பொழுதுபோக்கு. எனக்கும் அவருக்கும் எலியும் பூனையுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் பிடிக்கிற துலா மழைக் காலத்தில், பாரம்பரியத் தெருக்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று எங்கள் தெருவைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் எவனும் வீட்டை இடிக்க முடியாது. ஆனால் என்றைக்கு வருவார்கள் என்று சொல்லவில்லை. மத்தியானம் பிடிக்கிற மழையில் மாவுக்கோலம் கரைந்து வாசலெல்லாம் அழுக்கு வெள்ளையாக ஓடியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லா வாசலிலும் வெள்ளை எனாமலில் ஒரே அளவில் கோலம். மழை வந்தால் என்ன, கமிட்டி எப்போது வந்தால் என்ன?

கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், மாமியைத் தவிர.

"என் வாசல்லே நான் போடற கோலம் போரும். எனக்கு உன்னோட பெயிண்ட் வேண்டாம்" என்றார்.

"தெருவோட நன்மைக்காக்கும் மாமி. எல்லாருக்கும் ஒண்ணு, உங்களுக்கு மட்டும் ஒண்ணுன்னு பண்ண முடியாது கேட்டேளா."

"நீ முடிவு பண்ணியாச்சு. அப்பறம் என்னத்துக்கு என்கிட்ட சோதிக்கறே?"

கேட்பதைச் சோதிப்பது என்பார், கோபம் வந்தால் மாமிக்கு மலையாளம் கலந்துவிடும். மறுநாள் நானே பிரஷ்ஷை எடுத்துப் போய் அவர் வாசலில் எட்டுப் புள்ளி வைத்து வரைந்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது கௌரவப் பிரச்சினை, எனக்கும் அதேதான். கோலம் எதற்காகப் போடச் சொன்னோம் என்பது எங்கள் ஏழு பேரில் ஒருவருக்காவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பெயிண்ட் காய்ந்தபின் யாரும் காலையில் வாசலுக்கு வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நானோ பழக்கதோஷத்தில் தினமும் நோட்டை எடுத்துக்கொண்டு நடந்து, எல்லா வாசலிலும் கோலம் இருக்கிறது என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை. மாமி வீட்டுக்கு முன்னால் பால் போடுகிற நாஞ்சில் நாட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஜன்னலில் தொங்குகிற பையில் கையை விட்டபடி நின்றார்.

"யம்மா, நேத்து வச்ச பாலு அப்பிடியே கெடக்கு பாத்தியளா. ஊதிப்போச்சு."

பையை வாங்கிப் பார்த்தேன். ஒரு பாக்கெட் ஜில்லென்று இருந்தது, இன்னொன்று உப்பிக் கிடந்தது. நேற்று இதே இடத்தைத் தாண்டிப் போனவள் நான். கமிட்டிக்காரர் ஒருவரோடு ஃபோனில் பேசிக்கொண்டு போனேன். கண் தரையில் இருந்த கோலத்தைப் பார்த்ததே தவிர, ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். பலாமரக் கதவு, உள்ளே குறுக்குக் கட்டை போட்டிருந்தது. அவருடைய மொபைலுக்கு அடித்தேன். உள்ளே எங்கேயோ மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி ஓய்ந்தது. ஒரு பக்கத்து வீடு பூட்டிக் கிடப்பது. மறுபக்கம் எஞ்சினியர், காது மந்தம், விடிந்ததிலிருந்து டி.வி.யில் செய்தி அலறிக்கொண்டிருக்கும். அவரை உலுக்கி வெளியே இழுத்து வந்தோம். ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிட்டோம், இதோ வருகிறோம் என்றார்கள். சாலைக் கடைத்தெருவில் லாரிகள் சரக்கிறக்குகிற நேரம் அது. எவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க கொல்லையில ஏணி இருக்கு," என்றார் எஞ்சினியர். "அடுக்களைக்கு மேலே மச்சு கெடையாது. ஓட்டைப் பிரிச்சா நேரா எறங்கலாம். ஆனா..." என்று என்னைப் பார்த்தார். "குழுவைக் கேக்காம ஓடு எடுக்கப் பாடில்லைன்னு நீயாக்கும் எழுதி ஒட்டினே?"

அவர் கிண்டல் செய்யவில்லை. பதற்றத்தில் நிஜமாகவே கேட்டார்.

"மாமா, நான்தான் அந்தக் குழு! ஒடைக்கச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஓடு என் காலடியில் விழுந்து சிதறியது, பிறகு இரண்டு, பிறகு எண்ணவில்லை. கைமரத்தைப் பிடித்துத் தொங்கி அவர் உள்ளே குதித்த சத்தம் கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. "யம்மா" என்று அவர் கூப்பிடுவது தூரத்தில் போனது. தெருவில் கூடியவர்களில் ஒருத்தி சத்தமாக நாமம் சொல்ல ஆரம்பித்தாள். வாயை மூடு என்று அவளை அதட்டினேன். எனக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தாக வேண்டும். மாமி என்னைத் திட்டினாலும் சரி, ஆயுசு பூராவும் திட்டினாலும் சரி, உயிரோடு இருந்தால் போதும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேன்.

"ஆளு இருக்கு! உயிரு இருக்கு!" பால்காரர் குரல் வந்தது. குறுக்குக் கட்டை விழுந்தது, கதவு திறந்தது.

கூடத்தில் கிடந்தார். அடுக்களையில் விழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு கூடம் வரை தவழ்ந்து வந்திருக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. உதடு வெடித்திருந்தது. "தண்ணி" என்றார். நான் கரண்டியால் ஊட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டு குடித்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. பிரித்த கூரைக்குத் தார்ப்பாய் போட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புனேயிலிருந்து மகள் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாமி, நீங்க மாத்திரம் இல்லேன்னா அம்மா இல்லை. தினம் வந்து பாத்துக்கறேள்னு எல்லாரும் சொன்னா. இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?"

கட்டிலில் மாமி கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். நான் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஆனால் அந்தக் கையின் சூடு எனக்குத் தாங்கவில்லை.

"அப்படியில்லேம்மா. அதுக்கு முந்தின நாளும் நான் வாசலோட போனேன். அம்மா உள்ளே கெடந்துண்டிருந்தா. நான் பாக்காமப் போயிட்டேன்" என்றேன். பெயிண்ட் விஷயத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"கேட்டுது," என்றார் மாமி. "ஃபோன்லே பேசிண்டு போனா. 'ஒரு வீடு பாக்கியில்லாம எல்லா வாசல்லேயும் கோலம் இருக்கு, வந்து பாருங்கோ'ன்னு. நான் கூப்பிட்டேன். எனக்கே கேக்கலை என் சத்தம்."

மகள் கையை எடுத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுத் தாக்கோல் உங்ககிட்டதானே இருக்கு? குடுத்துடுங்கோ. அம்மாவை நான் அழைச்சுண்டு போறேன். அந்த வீடு இனி வேண்டாம்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நான் பையைத் திறந்து சாவியை எடுத்தேன்.

"குடுக்காதே," என்றார் மாமி.

"அம்மா!"

"நீ சும்மா இரு. ஏய், உன்கிட்டதான் சொல்றேன். குடுக்காதே. கால் சரியானா நான் என் வீட்டுக்குத்தான் வருவேன்."

மகள் கையை நீட்டியபடியே நின்றாள். பெற்ற பெண்ணுக்கு இருக்கிற உரிமையில் எனக்கு நூறில் ஒரு பங்கு கிடையாது. அதுவும் நான் செய்து வைத்த காரியத்துக்குப் பிறகு. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அந்த மகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.