மிக்கேலுக்காக ஜெபிக்க வாய் வராத நாள்

என் குற்றத்தைச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தச் சபையில் உங்கள் முன் எழுந்து நிற்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்தேன். போன வருடம் லெந்து உபவாச நாட்களில் ஒரு காலை. மரத்தடிகளை ஏற்றி வந்த கப்பல் மாலைக்குள் புறப்பட வேண்டும். போர்மேன் சுடலைமுத்து என்னிடம் வந்தார். "சார், கிரேன் ரோப் நைஞ்சு கெடக்கு. மாத்திட்டு ஆரம்பிப்போம்" என்றார்.

மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். இன்று ஒரு நாள் ஓடட்டும் என்றேன். சோதித்துப் பார்த்ததாகப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பதினொரு மணிக்கு அந்த இரும்புக் கயிறு அறுந்தது. கீழே வேலையில் இருந்த மிக்கேலின் கால்கள் மேலிருந்து விழுந்த மரத்தடிக்கு அடியில் சிக்கின. புன்னைக்காயல்காரர். பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தவர்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. நிற்கக் கூடாத இடத்தில் அவர் நின்றார் என்று அறிக்கை எழுதினேன். சுடலைமுத்துவிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்து அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் முழங்காலில் நின்றேன். மிக்கேல் பிழைக்க வேண்டும் என்றும், உண்மை வெளியே வரக் கூடாது என்றும் ஒரே மூச்சில் கேட்டேன். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைப் பார்த்துச் சபையில் நல்ல மனுஷன் என்றார்கள். அதைக் கேட்டு வந்த அன்று சோறு இறங்கவில்லை.

மிக்கேல் பிழைத்தார். ஆனால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ரோஸ்மேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"சார், அவுக தப்பான இடத்துல நின்னாகன்னு எழுதியிருக்காவளாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க நல்லா ஜெபம் பண்ணுவியன்னு சொன்னாக. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

கண்ணை மூடினேன். 'ஆண்டவரே' என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த அம்மா தலையில் முக்காடு போட்டுக் காத்து நின்றார். நான் அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அவர் என்னைத் தேற்றினார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, "ஆண்டவரே, என்னைக் காப்பாற்ற வேண்டாம். உண்மையைச் சொல்லப் பெலன் தாரும்" என்று கேட்டேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நேர்மையான ஜெபம் அது.

மறுநாள் அந்த விபத்து பற்றி விசாரணை. வாய் திறந்தது. படிவம் பொய், அறிக்கை பொய், சுடலைமுத்து எச்சரித்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

வேலை போயிற்று. என்மேல் வழக்கு நடக்கிறது. மிக்கேல் மேல் நான் போட்ட பழி நீங்கியது. கம்பெனியிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். பிறகு, "மன்னிச்சிட்டேன்னு சட்டுன்னு சொல்ல வரல சார். ஆனா நீங்க சொல்லலன்னா, எம்புள்ளைக என் மேலதான் தப்புன்னு நெனச்சிருக்கும்" என்றார்.

அந்த மன்னிப்புக்காக இன்னும் காத்திருக்கிறேன். இப்போது முத்தையாபுரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன். சாப்பாடு இறங்குகிறது. தூக்கம் வருகிறது. ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்கள் தப்பை மறைத்துத் தரும்படி அவரிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லப் பெலன் கேளுங்கள். தருவார். எனக்கே தந்தாரே.