அப்பா சுற்றிய நூல்

போன வாரம் கைப்பேசியில் எதையோ தேடப்போய், குரோஷா பின்னல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன். சிரித்த முகம், நல்ல பேச்சு. தப்பு வந்தால் கவலையே வேண்டாம், பிரித்துவிடுங்கள் என்று சொல்லி நூலை ஒரு இழு இழுத்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பின்னலில் சங்கிலி போடுவதைத் தாண்டி எனக்கு ஒன்றும் வராது. பிரிக்க மட்டும் நன்றாக வரும்.

அப்போது நான் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். பில்லில் ஓர் எழுத்து பிசகினாலும் பிடித்துவிடுவேன் என்ற திமிர் உண்டு. அம்மா எப்போதோ போய்விட்டாள். வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, நான். அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் மரவேலை. அண்ணன் போர்வெல் ரிக் வண்டியின் டிரைவர். வடக்கே போனால் திரும்ப மூன்று மாதம் ஆகும். அண்ணிக்கு ஆறாம் மாதம் நடந்தது. பிரசவம் வரைக்கும் போகாதே என்றார் அப்பா. போவேன் என்றான் இவன். பேச்சு தடித்து, முப்பது வயது மகனை அவன் பெண்டாட்டி கண்ணெதிரிலேயே கன்னத்தில் அறைந்துவிட்டார் அப்பா. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

முதல் வாரம் ஃபோன் சுவிட்ச் ஆஃப். இரண்டாம் வாரம் ரிக் முதலாளியைக் கேட்டால், ராய்ப்பூர் பக்கம் வண்டியை விட்டு இறங்கிவிட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்றார். உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியவில்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் எங்களுக்குப் பயம். அப்பா அவன் பேரை எடுக்கவே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசைக்கு உள்ளே வராமல் வண்டிப் பக்கத்திலேயே நின்றுவிடுவார். ஆண்டவர் மேலும் இந்த மனுஷனுக்குக் கோபமா என்று நான் எரிச்சல்படுவேன்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக் குரோஷா ஊசியைத் தேடி எடுத்தாள். வெள்ளை நூல் வாங்கி, பிள்ளைக்குப் போர்வை போட ஆரம்பித்தாள். மே மாதம் சங்ககிரி வெயிலில் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வையா என்று கேலி செய்தேன். “கை சும்மா இருந்தா பயமா இருக்குது அம்முணி” என்றாள்.  ஒரு கண்ணிக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ செபம். அவர் உசுரோடு இருக்கோணும், ஊட்டுக்கு வந்து சேரோணும், அவ்வளவுதான் வேண்டுதல். புது நூலுக்கு லேசாக ஒரு கஞ்சி வாசனை இருக்குமில்லையா, அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் ஃபோன் அடிக்கிறதா என்று என் காது தேடும்.

போர்வை முக்கால்வாசி வளர்ந்தபோதுதான் என் கழுகுக் கண்ணுக்கு அது பட்டது. வரிசைக்கு வரிசை ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போய், போகப்போகக் குறுகிக்கொண்டே வந்திருந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. அண்ணி கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குப் போயிருந்தாள். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்த நான், அவளுக்கு உதவி செய்வதாக நினைத்து, குறுக ஆரம்பித்த இடம் வரைக்கும் சரசரவென்று பிரித்துத் தள்ளினேன்.

அண்ணி வந்து அந்தக் குவியலைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தனையும் அவருக்குச் சொன்ன செபம் அம்முணி.”

அது ஆண்டவரிடம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும், நூலிலா ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஏதோ உளறினேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. கதவோரம் நின்ற அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விடிந்ததும் பல் துலக்கப் போனேன். பின்பக்கம் அப்பா அந்தக் குவியலை மடியில் வைத்துக்கொண்டு நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். உளி பிடித்து வெடித்த விரல்களில் நூல் சிக்கிச் சிக்கி நின்றது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பின்னால் போய் நின்று கேட்டேன். அருள் நிறைந்த மரியே இல்லை. பூசையில் பாவத்தை ஒப்புக்கொண்டு நெஞ்சில் தட்டிச் சொல்வோமே, அது. ஒரு சுற்றுக்கு ஒரு “என் பாவமே.” நான் வந்தது அவருக்குத் தெரியாமல் திரும்பிப் போய்விட்டேன். முடித்ததும் உருண்டையை அண்ணியிடம் கொடுத்தார். “மறுக்கா போடு சாமி” என்றார்.

அண்ணன் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு கழித்துத் தாடியும் மீசையுமாக வந்து நின்றான். நாக்பூரில் ஒரு டயர் கடையில் இருந்தானாம். அப்பா அவன் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தார், அவ்வளவுதான். அதன்பிறகு அப்பனும் மகனும் வண்டியைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், அன்றைக்கு அறைந்ததைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நூல் சுற்றும்போது அப்பா சொல்லி நான் கேட்டதை அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்று பல தடவை வாய் வரைக்கும் வந்தது. அப்பா வாயாலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

பல வருடம் கழித்து, அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். “அடிச்சதுக்குக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்த சொல்லலியே அம்முணி” என்று அண்ணன் அழுதான். அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அண்ணியைப் பார்த்து, அந்தப் போர்வை எங்கே, எடுத்து வா என்றான்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

“பழசாப் போச்சுன்னு நீங்கதானுங்க காரு தொடைக்க எடுத்துட்டுப் போனீங்க.”